பொக்குள் கொடி: "ஒண்டும் போடாதேங்கோ" எண்டு சொல்லிவிட்டாப் போதுமோ?

நிலாவெளி மிஸ்

வார்டில இருந்து வீட்டுக்கு அனுப்பேக்க எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுற வசனம் ஒண்டுதான்: கொடிக்கு ஒண்டும் போடாதேங்கோ. அதில பிழை இல்லை. ஆனா போடக்கூடாததைச் சொல்லிட்டு, செய்ய வேண்டியதைச் சொல்லாமல் விட்டா, நாலாம் நாள் நல்லெண்ணெய்ப் போத்தல் தானா வந்து தொட்டிலடியில நிக்கும். கொடியைக் காய விடுறதும் ஒரு வேலைதான். அதை வேலையாவே இங்க எழுதிவைப்பம், பிழை இருந்தாத் திருத்துங்கோ.

முதல்ல கை. நேப்பி மாத்த முதலும் பிறகும், கொடியைத் தொட முதலும் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேணும். பிள்ளை பாக்க வாற சொந்தக்காரருக்கும் அதே சட்டம்.

அடுத்தது நேப்பி. முன்பக்க விளிம்பை வெளிப்பக்கமா மடிச்சு, கொடிக்குக் கீழ நிக்கிற மாதிரிக் கட்டுங்கோ. கொடி நேப்பிக்குள்ள போனா மூத்திரத்தில ஊறும், ஊறினாக் காயாது, காயாட்டி மணக்கும். ஆம்பிளைப் பிள்ளையின்ர உறுப்பைக் கீழ பாக்க வைச்சுக் கட்டாட்டி, எவ்வளவு மடிச்சும் பிரயோசனம் இல்லை, மூத்திரம் மேல்பக்கத்தால வந்து கொடியைத்தான் நனைக்கும்.

ஒரு நாளைக்கு ஒருக்கா, பகல் வெளிச்சத்தில, தொப்புளைச் சுத்தியுள்ள தோலை ரெண்டு விரலால மெல்லப் பின்னுக்குத் தள்ளி அடியைப் பாருங்கோ. கொடியின்ர நுனியைப் பாத்து ஒரு பலனும் இல்லை, பிரச்சினை வந்தா அடியிலதான் வரும். மலமோ மூத்திரமோ பட்டிருந்தா, கொதிச்சு ஆறின தண்ணியில நனைச்ச சுத்தமான துணியால அடியைச் சுத்தித் துடைச்சு, இன்னொரு காய்ஞ்ச துணியால ஒத்தி எடுங்கோ. ஒண்டும் படேல்ல எண்டா கை வைக்க வேண்டாம். பஞ்சு பாவிக்காதேங்கோ, நார் ஒட்டிக்கொண்டு நிக்கும்.

இப்ப மாரி வேற. கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில காலமை தோய்ச்ச நேப்பி மத்தியானத்துக்கு முதல் மொறுமொறு எண்டு காயும். கார்த்திகையில ரெண்டு நாளாயும் கயிற்றில தொங்கும். பச்சைப்பிள்ளைக்கு ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு நேப்பி போகும். துணி காய ரெண்டு நாள் எண்டா 25, 30 கையில இருக்க வேணும். அரைகுறையாக் காய்ஞ்சதை நல்லா மினுக்கி, சூடு ஆறின பிறகு கட்டுங்கோ.

பாமசிக் கவுண்டர்

மிஸ் சொன்ன நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு முதல் எங்கட கவுண்டருக்குத்தான் ஆள் வரும். கேக்கிற சாமான் நாலுதான்: ஸ்பிரிட், பவுடர், ஊதா மருந்து, டெட்டோல்.

ஸ்பிரிட் அடிச்சாக் காய்ஞ்ச மாதிரித் தெரியும், ஆனா கொடி விழ நாள் கூடும். கொடி அறுபடுறது வெறுமனக் காயுறதால மட்டும் நடக்கிறதில்லை. அடியில வெள்ளைக் குருதிக் கலங்கள் வந்து, தோலில இருக்கிற சாதாரணக் கிருமிகளும் சேர்ந்து, இணைப்பை அரிச்சு விடும். கிருமி எல்லாத்தையும் நீங்கள் கொன்றுகொண்டிருந்தா அந்த வேலை பிந்தும்.

பேபி பவுடர் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகி மடிப்புக்குள்ள உக்காரும். பிறகு அது பவுடரோ சீழோ எண்டு ஆருக்கும் விளங்காது. ஊதா மருந்து சுத்தியுள்ள தோலையும் ஊதாவாக்கிவிடும், சிவந்தாத் தெரியாது. டெட்டோல் பச்சைப்பிள்ளைத் தோலைச் சுடும். அயடின் மருந்தும் வேண்டாம், தோலால உறிஞ்சப்பட்டுத் தைரொயிட்டைக் குழப்பும்.

ஒரு ரோல் கோஸ் துணியும் ஒரு வெப்பமானியும் வாங்கினாப் போதும். மற்றக் காசுக்கு நேப்பித் துணி வாங்குங்கோ.

மூதூர் மாமி

எல்லாரும் பழசை ஏசத்தான் வந்திருக்கிறீங்கள் போல. சுட்ட வசம்பு, மஞ்சள், சாம்பல் எண்டு அந்தக் காலத்து மருத்துவிச்சிமார் போட்டதுக்கும் ஒரு கணக்கு இருக்கு. கரியும் சாம்பலும் ஈரத்தை உறிஞ்சும். நீங்கள் இப்ப "காய விடுங்கோ" எண்டு சொல்லுறதைத்தான் அவையும் செய்தவை. அடுப்பில சுட்ட சாமானில எங்க கிருமி இருக்கு?

சின்னப்பிள்ளை வார்ட்

மாமி, காய வைக்க வேணும் எண்ட கணக்குச் சரி. சாமானில்தான் பிழை. ஏற்புவலி (டெற்றனஸ்) கிருமியின் வித்து மண்ணிலும் சாணத்திலும் இருக்கும். அது கொதிதண்ணிக்கே இலேசில் சாகாது. வசம்பைச் சுடும்போது நெருப்பு கிருமியைக் கொல்லலாம். ஆனால் சுட்டதை உரைக்கிற கல், தொடுகிற விரல், சாம்பல் அள்ளுகிற தரை எல்லாம் நெருப்பில் போகவில்லையே. அறுத்த கொடியின் அடி காற்றுப் படாத, செத்த இழையம். அந்த வித்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பிறந்த பிள்ளை முதல் இரண்டு நாளும் நல்லாகப் பால் குடித்து, மூன்றாம் நாளுக்குப் பிறகு வாயைத் திறந்து உறிஞ்ச முடியாமல் உடம்பு விறைக்கத் தொடங்கினால் அது ஏற்புவலி. தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதிலும் தாய்க்கும் சேய்க்கும் வரும் ஏற்புவலி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. கர்ப்பத்தில் போடும் ஏற்பு ஊசியும், சுத்தமாக அறுக்கிற கத்தியும், சாம்பல் படாத கொடியும் சேர்ந்துதான் அதைச் செய்தது. ஒழித்தது என்றால் வித்து மண்ணில் இல்லை என்று அர்த்தமில்லை.

மூதூர் மாமி

சரி, வசம்பு கையில வளையலாக் கிடக்கட்டும். கொடிக்கு வேண்டாம்.

நிலாவெளி மிஸ்

வாயில வைச்சுச் சூப்பாத மாதிரிக் கட்டுங்கோ மாமி.

கிண்ணியா தாதி

எது சாதாரணம் என்டு தெரியாததாலதான் ஆக்கள் பயந்து எதையாவது பூசுறாங்க. அதால கொடி நாளுக்கு நாள் எப்படி மாறும் என்டு சொல்லிவிடுறன்.

வெட்டின அன்றைக்கு ரெண்டு மூணு சென்ரிமீற்றர் நீளத்தில, வெள்ளை நீலமா, ஈரமா, ஜெலி மாதிரி இருக்கும். வெட்டின முகத்தை உத்துப் பாத்தா மூணு ஓட்டை தெரியும்: சின்னதா ரெண்டு நாடி, பெருசா ஒரு நாளம். அடுத்த நாள் சுருங்கத் தொடங்கி மஞ்சள் கபிலம். மூணாம் நாலாம் நாளுக்குள்ள கறுத்து, காய்ஞ்ச மிளகாய்க் காம்பு மாதிரி விறைக்கும். பிறகு அடியில ஒரு பக்கத்தால பிரியும். அப்பத்தான் இடையில கொஞ்சம் ஒட்டுற மாதிரி மஞ்சள் பசை, இலேசான மணம், சட்டையில ரெண்டொரு துளி ரத்தம். இதைக் கண்டதும் "சீழ்" என்டு சொல்லிடுவாங்க. சீழ் இல்ல.

வித்தியாசம் தோலிலதான் இரிக்கு. பசை இருந்தும் சுத்தியுள்ள தோல் மற்ற வயிற்றுத் தோல் நிறத்திலயே, மெதுவா இருந்தா சரி. தோல் சிவந்து, வீங்கி, தொட்டாச் சூடா இருந்து, பிள்ளையும் வீரிட்டு அழுதா அது தொற்று.

கூடுதலான பிள்ளைகளுக்கு 5 நாளுக்கும் 15 நாளுக்கும் இடையில விழும். சிசேரியன் பிள்ளைகளுக்கும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பிந்தலாம். மூணு கிழமை தாண்டியும் நிக்குது என்டா டொக்டரிட்டக் காட்டுங்க. வெள்ளைக் குருதிக் கலங்களில குறை இருக்கிற ஒரு அரிய நோயில கொடி இப்படிப் பிந்தி நிக்கும்.

தொட்டில்

ரெண்டு கேள்வி. கொடியில பூட்டிவிட்ட கிளிப்பை வீட்டில கழட்டலாமா? கொடி ஒரு நூலில தொங்கினா வெட்டிவிடலாமா?

கிண்ணியா தாதி

ரெண்டுக்கும் இல்லை. கிளிப் ஒருக்காப் பூட்டினாத் திரும்பத் திறக்காத மாதிரிச் செய்தது, அதுக்கு வேற வெட்டி இரிக்கு. கத்தரிக்கோலால நெம்பினாக் கொடி அடியோட இழுபடும். சில ஆஸ்பத்திரியில கொடி காய்ஞ்ச பிறகு கழட்டி அனுப்புவாங்க, சில இடத்தில கொடியோட சேர்ந்து தானா விழ விடுவாங்க. கிளிப் தோலை அமத்தினா அடியில ஒரு துண்டு கோஸை மடிச்சு வைச்சு, நனைஞ்சா மாத்துங்க. பொத்திக் கட்ட வேண்டாம்.

நூலில தொங்கினா அந்த நூலுக்குள்ள இன்னும் உயிர் இரிக்கு. இழுத்தா ரத்தம் வரும். ஒண்டு, ஒண்டரை நாள் பொறுங்க.

தொட்டில்

குளிப்பாட்டலாமா? ஒவ்வொரு ஆள் ஒவ்வொண்டு சொல்லுது.

நிலாவெளி மிஸ்

முதல் 24 மணித்தியாலம் வேண்டாம், பிள்ளை குளிர்ந்திடும். அதுக்குப் பிறகு இளஞ்சூட்டுத் தண்ணியில குளிக்க வாக்கலாம். கொடி நனைஞ்சாக் குற்றமில்லை, நனைஞ்சபடி விடுறதுதான் குற்றம். அஞ்சு நிமிசத்துக்குள்ள முடிச்சு, மடிப்புக்குள்ள ஒத்தி, நேப்பி கட்ட முதல் கொஞ்ச நேரம் காத்துப் பட விடுங்கோ. வாடைக் காத்து வீசுற நேரம் யன்னலைச் சாத்திப்போட்டு.

கிண்ணியா தாதி

இதில மிஸ்ஸோட நான் ஒத்துப்போகல்ல. புத்தகத்தில சரி. ஆனா மாரிக்கு வெள்ளம் ஏறினதும் எங்கட பக்கத்துக் கிணத்துத் தண்ணியையும் கக்கூஸ் குழித் தண்ணியையும் பிரிக்கிறது ஆர்? கொடி விழும் வரைக்கும் உடம்பைத் துடைச்சுவிட்டாப் போதும்.

நிலாவெளி மிஸ்

தங்கச்சி சொல்லுறது நியாயம். அப்ப சட்டத்தை இப்படி வைப்பம்: குழாய்த் தண்ணி எண்டா வாக்கலாம். வெள்ளம் ஏறின கிணறு எண்டா குமிழி எழும்பக் கொதிக்க வைச்சு, மூடி, ஆற விட்ட தண்ணி மட்டும். அவ்வளவு தண்ணி கொதிக்க வைக்க விறகோ காஸோ இல்லை எண்டா, ஒரு கோப்பைத் தண்ணியில துடைக்கிறதுதான். கொதிச்ச தண்ணியோட பச்சைத் தண்ணியைக் கலந்து சூடு பாக்கிற பழக்கம் கனபேருக்கு இருக்கு. கலந்தாக் கொதிக்க வைச்சதே வீண்.

பாமசிக் கவுண்டர்

குளோஹெக்சிடின் பற்றி ஆரும் கேக்க முதல் நானே சொல்லிவிடுறன், இணையத்தில கண்டு கேட்டு வாற ஆக்கள் இருக்கினம். நேபாளத்தின்ர சர்லாகி மாவட்டத்தில செய்த பெரிய ஆய்வு 2006இல வெளிவந்தது. கொடிக்கு 4 வீதக் குளோஹெக்சிடின் பூசின பிள்ளைகளில தொற்றும் குறைஞ்சது, இறப்பும் குறைஞ்சது. அதுக்குப் பிறகு அங்க "நவி மலம்" (நேபாளியில தொப்புள் களிம்பு) எண்ட பேரில களிம்பாவே குடுத்தினம்.

அங்க சரி வந்தது இங்க ஏன் தேவையில்லை? கூடுதலான பிள்ளைகள் அங்க வீட்டில பிறந்தவை, கொடிக்கு எண்ணெயும் மற்றதும் பூசுற வழக்கமும் இருந்தது. ஆயிரம் பிறப்புக்கு 30 பச்சைப்பிள்ளைக்கு மேல இறக்கிற இடங்களில வீட்டுப் பிரசவத்துக்கு எண்டுதான் அந்த ஆலோசனை வந்தது. எங்கட நாட்டில அந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழ, பிரசவமும் ஆஸ்பத்திரியிலதான். பூசினாக் கொடி விழவும் பிந்தும். இன்னொண்டு: ஆபிரிக்க நாடுகள் சிலதில தண்ணி வடிவில குடுத்த குளோஹெக்சிடினைக் கண் மருந்து எண்டு நினைச்சுக் கண்ணில விட்டுப் பார்வை போன பிள்ளைகளும் இருக்கினம். தேவையில்லாத போத்தல் வீட்டில இருக்கக்கூடாது.

சின்னப்பிள்ளை வார்ட்

ரத்தம் பற்றியும் எழுதவேண்டும்.

கொடி விழுகிற நேரம் சட்டையில் படுகிற சில துளி ஒன்றுமில்லை. தொடர்ந்து கசிந்தால் சுத்தமான கோஸை மடித்து வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் மெல்ல அமத்திப் பிடியுங்கள். நின்றால் சரி. நிற்காவிட்டால், அல்லது நின்று திரும்ப வந்தால், ஆஸ்பத்திரி.

முதல் நாளில் வருகிற ரத்தத்துக்குப் பெரும்பாலும் கிளிப் இளகியதுதான் காரணம். ஜெலி சுருங்கும்போது பிடி தளரும். அது அவசரம், பச்சைப்பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே கிலோவுக்கு 80 மில்லிலீற்றர் அளவுதான். இரண்டு முதல் ஏழாம் நாளுக்குள் கொடியிலும், மூக்கிலும், மலத்திலும் ரத்தம் கண்டால் விற்றமின் கே குறைபாட்டை நினைக்கவேண்டும். பிறந்தவுடன் தொடையில் போடுகிற 1 மில்லிகிராம் ஊசி அதற்குத்தான். வழியில் பிறந்து பிறகு வார்டுக்கு வந்த பிள்ளை என்றால், அந்த ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டும் கொடியில் விடாமல் கசிகிறது என்றால் உறைதல் காரணி 13 குறைந்த அரிய நோயாக இருக்கலாம். வழக்கமான உறைதல் பரிசோதனையில் அது பிடிபடாது, தனியாகக் கேட்டுச் செய்யவேண்டும்.

நிலாவெளி மிஸ்

டொக்டர், எந்த நேரம் பொறுத்திருக்கலாம், எந்த நேரம் உடனே வெளிக்கிட வேணும் எண்டும் சொல்லிவிடுங்கோ. ஆஸ்பத்திரிக்குத் தூரமான வெருகல், குச்சவெளிப் பக்க ஆக்களுக்கு அதுதான் பெரிய கேள்வி. இரவு வெளிக்கிடுறதோ விடியப் பாக்கிறதோ எண்டு யோசிப்பினம்.

சின்னப்பிள்ளை வார்ட்

விடியும்வரை பார்க்கக்கூடாதவை: கொடியின் அடியைச் சுற்றிச் சிவப்பு வந்து பரவுதல், வீக்கம், சீழ், நாற்றத்துடன் வடிதல். இவற்றில் ஒன்றுடன் பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சோம்பிக் கிடந்தால், அக்குளில் 37.5 பாகைக்கு மேல் காய்ச்சல் இருந்தால், அல்லது போர்த்தியும் 36.5க்குக் கீழ் குளிர்ந்திருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். பச்சைப்பிள்ளைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் வரவேண்டும் என்றே இல்லை, உடம்பு குளிர்வதும் அதே அளவு கெட்ட குறி.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், தொப்புள் நாளம் வெளியில் மூடிக்கொண்டாலும் உள்ளே நேரே ஈரலுக்குப் போகிற பாதை. தோலில் ஒரு சென்ரிமீற்றர் சிவப்பாகத் தெரிவது உள்ளே ரத்தத்தில் கலந்துவிட்டிருக்கலாம். நாளத்தில் அன்டிபயோட்டிக் ஏற்றவேண்டி வரும், வாயால் கொடுக்கிற சிரப் காணாது. வீட்டில் மிஞ்சிக் கிடக்கிற மூத்த பிள்ளையின் சிரப்பைக் கொடுத்துப் பார்த்துவிட்டு வருவது எல்லாவற்றிலும் மோசம்.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வருகிற வழியில் பிள்ளையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துப் போர்த்துங்கள், குடிக்கிற பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே வாருங்கள். சீழைப் பிதுக்க வேண்டாம், மருந்து பூசி மறைக்கவும் வேண்டாம், இருக்கிறபடி கொண்டுவாருங்கள். பிள்ளையின் பதிவேட்டையும் மறக்காதீர்கள்.

தொட்டில்

கொடி விழுந்து பத்து நாளாகியும் தொப்புளுக்குள்ள சிவப்பா, ஈரமா, மாதுளம் முத்து மாதிரி ஒரு சதை நிண்டா? உப்பு வைச்சாப் போகும் எண்டு சொல்லுகினம்.

பாமசிக் கவுண்டர்

ஓம், சாதாரணக் கறி உப்புதான். சதைக்குள்ள இருக்கிற தண்ணியை உப்பு வெளிய இழுக்கும், சதை சுருங்கிக் கறுத்து விழும். மலிவு, வலியும் இல்லை.

சின்னப்பிள்ளை வார்ட்

பாமசி நானா, அதை அப்படி மொட்டையாக விடாதீர்கள். உப்பு வேலை செய்யும், உண்மை. ஆனால் சிவந்த சதை எல்லாம் ஒன்றல்ல. மென்மையான இளஞ்சிவப்புச் சதை, மூன்று முதல் பத்து மில்லிமீற்றர் வரை, கொஞ்சம் பசை வடியும். இது கிரனுலோமா, உப்புக்குக் கேட்கும். பளபளவென்று கடும் சிவப்பாக, உருண்டையாக இருப்பது குடலோடு தொடர்புள்ள பொலிப்பாக இருக்கலாம், உப்புக்கோ, சதையைச் சுட்டுக் கருக்கும் வெள்ளி நைத்திரேற்று மருந்துக்கோ அசையாது, சத்திரசிகிச்சை வேண்டும். தொப்புளால் தெளிந்த தண்ணி வந்தால், பிள்ளை முக்கும்போது கூடினால், அது சிறுநீர்ப்பையில் இருந்து மூடாமல் விட்ட குழாய். மலம் போல வந்தால் குடலில் இருந்து வருகிற குழாய். இவற்றுக்கு உப்பு வைத்துக்கொண்டு இரண்டு கிழமை போக்கக்கூடாது.

ஆகவே முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். கிரனுலோமாதான் என்று சொன்ன பிறகு உப்பு வைக்கலாம்: ஒரு சிட்டிகை, சதையின் மேல் மட்டும், கோஸால் மூடி அரை மணித்தியாலம். பிறகு கொதித்து ஆறின தண்ணியால் கழுவி ஒத்தவேண்டும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, இரண்டு மூன்று நாள். கரண்டிக் கணக்கில் கொட்டி இரவு முழுக்கக் கட்டிவைத்தால் சுற்றியுள்ள தோல் புண்ணாகும், உப்பும் உடம்புக்குள் போகும்.

வெள்ளி நைத்திரேற்றுக் குச்சி வைப்பது எங்கள் வேலை. சுற்றியுள்ள தோலுக்கு வஸ்லின் பூசிவிட்டு வைப்போம், இல்லாவிட்டால் சுடும். இரண்டொரு நாள் சட்டையில் கறுப்புக் கறை பட்டால் பயப்படாதீர்கள், தோய்த்தாலும் அந்தக் கறை போகாது, பழைய சட்டை போட்டு வாருங்கள்.

பாமசிக் கவுண்டர்

ஏற்றுக்கொண்டன். இனி உப்பு கேட்டு வந்தா முதல்ல கிளினிக்குக்கு அனுப்புறன்.

மூதூர் மாமி

தொப்புள் தள்ளி நிண்டா ரெண்டு ரூபாக் குத்தி வைச்சுக் கட்டுறதையும் சொல்லிவிடுங்கோ, அதையும் பிழை எண்டுதானே சொல்லப்போறீங்கள்.

கிண்ணியா தாதி

பிழைதான் மாமி, ஆனா உங்களுக்கு ஆறுதலான பிழை: கட்டினாலும் கட்டாட்டியும் அது தானாப் போகும். கொடி போன ஓட்டையில வயிற்றுத் தசை இன்னும் ஒட்டல்ல, பிள்ளை அழுதாத் தள்ளும், அடங்கினா உள்ள போகும். கூடுதலான பிள்ளைகளுக்கு நாலு, அஞ்சு வயசுக்குள்ள மூடிடும். குத்தி வைச்சவங்க "குத்தியாலதான் போச்சு" என்டு நினைச்சுக்கொண்டாங்க. குத்திக்குக் கீழ வேர்த்து, தோல் அவிஞ்சு, கிருமி பிடிக்கிறதுதான் மிச்சம்.

தள்ளின தொப்புள் கல்லு மாதிரி விறைச்சு, அமத்தியும் உள்ள போகாம, நிறம் மாறி, பிள்ளை சத்தி எடுத்தா மட்டும் உடனே கொண்டு வாங்க.

தொட்டில்

கடைசியா ஒண்டு. அரைஞாண் கயிறு எப்பக் கட்டலாம்? 31க்குத் துடக்குக் கழிக்கிற அண்டைக்கு எண்டு வீட்டில நிக்கினம்.

நிலாவெளி மிஸ்

கொடி விழுந்து, அந்த இடம் காய்ஞ்சிருந்தா 31க்குக் கட்டலாம், தடை இல்லை. தொப்புள் இன்னும் ஈரமா இருந்தா, கயிறு சரியா அந்த மட்டத்திலதான் உரஞ்சும், குளிச்ச தண்ணியையும் பிடிச்சு வைச்சிருக்கும். கட்டேக்க ரெண்டு விரல் உள்ள போற அளவு இளக்கமா, தொப்புளுக்குக் கீழ, முடிச்சு முதுகுப் பக்கமா வரக் கட்டுங்கோ. பிள்ளை கிழமைக்குக் கிழமை கொழுக்கும், அதோட கயிறு இறுகும். நிறுக்கக் கொண்டு வாற ஒவ்வொரு கிளினிக் நாளும் விரலை விட்டுப் பாருங்கோ.

தொட்டில்

விழுந்த கொடியை அப்பம்மா வெள்ளிக் கூட்டில போட்டு அந்தக் கயிற்றிலயே கோர்க்கக் கேக்கிறா.

நிலாவெளி மிஸ்

நல்லாக் காய்ஞ்ச பிறகு போடச் சொல்லுங்கோ. ஈரத்தோட மூடினாப் பூச்சி வைக்கும். கூட்டை மட்டும் முதுகுப் பக்கம் விடாமல் ஒரு விலாப் பக்கமா விடுங்கோ, படுக்கேக்க அமத்தும்.